வின்ஸ் ருஸ்ஸோ: தவறான தீர்ப்பும் சரியான வழக்கும்

1996 ஜூலை 7. ஃப்ளோரிடா மாநிலம், டேடோனா பீச் நகரம், ஓஷன் சென்டர் அரங்கம். டபிள்யூ.சி.டபிள்யூ என்ற மல்யுத்த நிறுவனத்தின் 'பேஷ் அட் த பீச்' நிகழ்ச்சி. வைட்டமின் சாப்பிடு, சாமி கும்பிடு என்று அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பத்து வருடத்துக்கு மேலாகப் புத்தி சொல்லிவந்த ஹல்க் ஹோகன் ரிங்குக்குள் வருகிறார். தன் பக்கத்து ஆட்களைக் காப்பாற்றத்தான் வருகிறார் என்று அரங்கமே எழுந்து நிற்கிறது. அவரோ கீழே கிடக்கும் ராண்டி சாவேஜின் மேல் காலை இறக்குகிறார். நல்லவன் ஒரு நொடியில் கெட்டவனாகிவிட்டான். கோப்பை, பாட்டில் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் சனங்கள் தூக்கி வீசுகிறார்கள். ரிங் குப்பைமேடாகிறது. கோபம் தாங்காமல் ஒரு ரசிகர் உள்ளேயே ஏறிவிடுகிறார்.

2000 ஜூலை 9. அதே ஊர், அதே அரங்கம், அதே பெயர் கொண்ட நிகழ்ச்சி, அதே ஹோகன். சாம்பியன் ஜெஃப் ஜாரெட்டோடு அவர் மோத வேண்டும். மணி அடிக்கிறது. ஜாரெட் தானாகவே மல்லாந்து படுத்துக்கொள்கிறார். ஹோகன் அவர் மார்பில் ஒரு காலை வைக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆட்டம் முடிந்தது. ஹோகன் மைக்கில் எரிந்து விழுந்துவிட்டுப் போகிறார். கொஞ்ச நேரம் கழித்து நிறுவனத்தின் தலைமை எழுத்தாளர் வின்ஸ் ருஸ்ஸோ தனியாக ரிங்குக்கு வந்து ஹோகனைத் திட்டித் தீர்க்கிறார். ஒப்பந்தத்தில் தனக்கிருக்கும் உரிமையைக் காட்டி, தோற்க மாட்டேன் என்று ஹோகன் அடம்பிடித்ததாகச் சொல்கிறார். 'இது கதையில்லை, நிஜம்' என்பதுதான் அந்தப் பேச்சு முழுவதற்கும் தொனி. இந்த முறை யாரும் குப்பை வீசவில்லை. எதற்குக் கோபப்படுவது, யார் மேல் கோபப்படுவது என்றே அவர்களுக்குப் புரியவில்லை.

இந்த இரண்டு ராத்திரிகளுக்கும் இடையில் அந்த நிறுவனம் எதைத் தொலைத்தது? ருஸ்ஸோவைப் பற்றிக் கால் நூற்றாண்டாக நடக்கும் சண்டையில் இந்தக் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டார்கள். ஒரு கட்சி 'டபிள்யூ.சி.டபிள்யூவைக் கொன்றவன்' என்கிறது. இன்னொரு கட்சி 'அவர் இல்லையென்றால் டபிள்யூ.டபிள்யூ.எஃப்பின் பொற்காலமே இல்லை' என்கிறது. இரண்டுமே சோம்பேறித்தனமான பேச்சு. ருஸ்ஸோ கெடுதல்தான் செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்மேல் போட்டிருக்கும் வழக்கு தப்பான வழக்கு. அந்தத் தப்பான வழக்கினால் தப்பித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

*

தொண்ணூறுகளில் நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த உலகம் புதிதில்லை. ட்ரம்ப் கார்டு விளையாடியவர்கள்தானே நாமெல்லாம். அண்டர்டேக்கர் அட்டை கையில் வந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நாம்தான் ராஜா. கூடவே ஒரு ஓயாத சண்டையும் நடக்கும். "அதெல்லாம் டூப்புடா, முன்னாடியே பேசி வெச்சுட்டு அடிக்கறானுங்க." "அப்ப ரத்தம் வருதே, அது எப்படிடா?" இந்தச் சண்டையில் ஜெயித்தவன் யாரும் கிடையாது. ஏனென்றால் டூப்பு என்று சொன்னவனும் அடுத்த வாரம் உட்கார்ந்து பார்த்தான்.

முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட ஆட்டத்தை, முடிவு செய்யப்படாதது போலவே ஆடுவதற்கு அந்தத் தொழிலில் 'கேஃபேப்' என்று பெயர். யார் ஜெயிக்க வேண்டும், யாரை யாரோடு எத்தனை மாதம் மோதவிட வேண்டும் என்று தீர்மானிப்பவருக்கு 'புக்கர்' என்று பெயர். பழைய புக்கர்கள் பெரும்பாலும் ரிங்கில் அடிபட்டு எழுந்தவர்கள். ருஸ்ஸோ அப்படி வந்தவரில்லை. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வீடியோ கடை நடத்தியவர். டபிள்யூ.டபிள்யூ.எஃப் நடத்திய பத்திரிகையில் விக் வெனம் என்ற புனைபெயரில் எழுதினார், அதன் ஆசிரியரானார், அங்கிருந்து தொலைக்காட்சிக்குக் கதை எழுதும் குழுவுக்குள் வந்தார். தன்னை அவர் ஒருபோதும் புக்கர் என்று நினைத்துக்கொண்டதில்லை. தொலைக்காட்சித் தொடர் எழுதும் எழுத்தாளர் என்றுதான் நினைத்தார். அவர் பலமும் அதுதான், அவர் செய்த நாசமும் அங்கிருந்துதான் வந்தது.

முதலில் பலத்தைப் பேசுவோம். அதைப் பேசாமல் ருஸ்ஸோவைத் திட்டுவது நியாயமில்லை.

1996 ஜூன் முதல் 1998 ஏப்ரல் வரை, திங்கட்கிழமை இரவுப் போட்டியில் டபிள்யூ.சி.டபிள்யூவின் 'நைட்ரோ' எண்பதுக்கும் மேற்பட்ட வாரங்கள் தொடர்ச்சியாக டபிள்யூ.டபிள்யூ.எஃப்பின் 'ரா'வைத் தோற்கடித்தது. வின்ஸ் மக்மேனின் நிறுவனம் மூடப்படும் நிலைமைக்கு வந்துவிட்டது என்றே பலர் பேசினார்கள். அந்தக் காலத்தில்தான் ருஸ்ஸோ எழுதும் குழுவில் முக்கியமானவராக ஆகிறார். அவர் கொண்டுவந்த விஷயம் எளிமையானது. நிகழ்ச்சியில் முகம் காட்டும் ஒவ்வொருவனுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். ஸ்டோன் கோல்டு ஸ்டீவ் ஆஸ்டினுக்கும் மக்மேனுக்கும் நடந்த சண்டையை எவனும் எழுதிவிடலாம், அது தானாக ஓடும் குதிரை. ஆனால் நிகழ்ச்சியின் நடுவில் வரும் இருபது முப்பது பேர்? அவர்களுக்கெல்லாம் பெயர், சின்னதாக ஒரு பகை, சொல்லிக்கொள்ள ஒரு வசனம் கிடைத்தது. பொம்மைத் தலையோடு பேசும் அல் ஸ்னோ கூட ஞாபகத்தில் நிற்கிறார். தொலைக்காட்சியைத் திருப்பினால் எதையோ தவறவிட்டுவிடுவோம் என்ற பதற்றத்தை உண்டாக்கியதில் ருஸ்ஸோவுக்குப் பங்குண்டு. 'அவர் ஒன்றுமே செய்யவில்லை' என்பவர்கள் அந்த வருடங்களின் நிகழ்ச்சிகளை முழுசாகப் பார்க்காதவர்கள்.

அதே நிகழ்ச்சிகளில் பெண்களை எப்படி நடத்தினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உடையைக் கிழிப்பதே போட்டி என்று வைத்தார்கள். அதையும் ரேட்டிங் கணக்கில்தான் நியாயப்படுத்தினார்கள்.

1999 அக்டோபரில் ருஸ்ஸோவும் அவருடைய கூட்டாளி எட் ஃபெராராவும் டபிள்யூ.சி.டபிள்யூவுக்குத் தாவினார்கள். எதிரியின் மூளையையே விலைக்கு வாங்கிவிட்டோம் என்று அட்லாண்டாவில் சந்தோஷப்பட்டார்கள். பதினெட்டு மாதத்துக்குள் நிறுவனமே இல்லை.

*

இங்கேதான் எல்லோரும் அவசரமாகக் கணக்கை முடிக்கிறார்கள். ருஸ்ஸோ வந்தார், கடை மூடியது, ஆகவே ருஸ்ஸோ மூடினார்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தவறு நன்றாகத் தெரியும். ஒரு வரி வேலை செய்யவில்லை என்றால், அதைக் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்டும் கட்டளைக்கு எங்கள் தொழிலில் பெயரே 'பிளேம்'. ஐந்து வருடமாக ஊறிக் கிடந்த ஓட்டைக்கு, போன வாரம் அந்த வரியில் ஒரு காற்புள்ளியைத் திருத்தியவன் பெயர் திரையில் வரும். அனுபவமுள்ளவர்கள் அந்தப் பெயரோடு நிறுத்த மாட்டார்கள், பின்னால் போய்ப் பார்ப்பார்கள். நாமும் போவோம்.

1997 டிசம்பர் 28, ஸ்டார்கேட். ஒன்றரை வருடமாக ஊதி ஊதி வளர்த்த ஹோகன்-ஸ்டிங் மோதல். டபிள்யூ.சி.டபிள்யூ வரலாற்றிலேயே அதிகம் பேர் காசு கட்டிப் பார்த்தது அதைத்தான். ஸ்டிங் சுத்தமாக ஜெயித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அதற்குப் பதில் நடுவர் வேகமாக எண்ணினாரா இல்லையா என்று குழப்பி, கிளைமாக்ஸையே சொதப்பினார்கள். 1998 ஜூலை 6: கோல்டுபெர்க் ஹோகனைத் தோற்கடித்து முதன்முறையாக உலக சாம்பியன் ஆனார். காசு வாங்கிக் காட்டியிருந்தால் கோடிகள் கொட்டியிருக்கும் ஆட்டம் அது. ஒரே ஒரு வாரத்து ரேட்டிங்குக்காக அதை இலவசமாகக் காட்டித் தீர்த்தார்கள். 1999 ஜனவரி 4: ஹோகன் ஒரு விரலால் நெஞ்சில் தொட, கெவின் நாஷ் வெட்டுண்ட மரம் போலச் சாய்ந்து பட்டத்தைக் கொடுத்தார். அதே இரவில், எதிர் சேனலில் மிக் ஃபோலி பட்டம் வெல்லப்போகிறார் என்று கிண்டலாக அறிவிக்கும்படி தன் வர்ணனையாளருக்கே நிர்வாகம் உத்தரவு போட்டது. கேட்ட சனங்களில் லட்சக்கணக்கானோர் ரிமோட்டை எடுத்து ஃபோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இவை நடந்த காலத்தில் ருஸ்ஸோ எதிர் நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆட்டத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் பெரிய தலைகளுக்குப் பணம் உறுதி செய்த ஒப்பந்தங்கள், தன் கதை தனக்குப் பிடிக்காவிட்டால் மறுக்கலாம் என்று ஹோகனுக்குக் கொடுத்த உரிமை - இதெல்லாமும் அவர் வருவதற்கு முன்னால் கையெழுத்தானவை. கிறிஸ் ஜெரிகோவைப் போன்றவர்கள் இங்கே தலையெடுக்க முடியாது என்று கணக்குப் போட்டுக் கிளம்பியதும் முன்னால்தான். 1999 செப்டம்பரில் எரிக் பிஷோஃபை வீட்டுக்கு அனுப்பியபோது நைட்ரோவின் ரேட்டிங் மூன்று புள்ளியைச் சுற்றித் தவித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய வருடம் நான்கையும் ஐந்தையும் தொட்ட நிகழ்ச்சி அது.

கடைசி அடி எங்கிருந்து வந்தது? ருஸ்ஸோ 2000 அக்டோபரிலேயே காட்சியை விட்டுப் போய்விட்டார். 2001 ஜனவரியில் ஏ.ஓ.எல். நிறுவனமும் டைம் வார்னரும் ஒன்றாகும் இணைப்பு நிறைவேறியது. அந்த மாபெரும் கணக்குப் புத்தகத்தில் மல்யுத்தம் ஒரு அசிங்கமான வரி. 2000-இல் மட்டும் 60 மில்லியன் டாலருக்கு மேல் நட்டம் என்று பரவலாகச் சொல்லப்படும் வரி. பிஷோஃபும் அவர் பின்னால் இருந்த முதலீட்டாளர்களும் நிறுவனத்தை வாங்க முன்வந்திருந்தார்கள். ஆனால் டர்னர் தொலைக்காட்சிகளின் தலைமைக்கு வந்த ஜேமி கெல்னர், தன் சேனல்களில் இனி மல்யுத்தமே கிடையாது என்று முடிவெடுத்தார். சேனல் இல்லாத மல்யுத்த நிறுவனத்தை வாங்கி என்ன செய்வது? அவர்கள் பின்வாங்கினார்கள். பெயரையும் சின்னங்களையும் பழைய ஒளிநாடாக்களையும் சில மில்லியன் டாலருக்கு மக்மேன் அள்ளிக்கொண்டு போனார். 2001 மார்ச் 26 அன்று கடைசி நைட்ரோ.

ரேட்டிங் நன்றாக இருந்திருந்தால் கெல்னர் அப்படிச் செய்திருப்பாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 'நோயாளியைப் பலவீனமாக்கினார்' என்பது ஒரு குற்றச்சாட்டு, 'கொன்றார்' என்பது வேறு. முதல் குற்றத்தில் ஹோகன், நாஷ், பிஷோஃப், டர்னர் நிர்வாகம் எல்லோருக்கும் பங்குண்டு. பழி மட்டும் ஒருவர் தலையில். காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. அந்தக் கதையைப் பிறகு ஆவணப்படமாகவும் டிவிடியாகவும் சொன்னவர்கள், ஒளிநாடாக்களை வாங்கிய ஜெயித்த கட்சி. மற்றவர்களுக்கோ, எழுத்தாளனைக் கைகாட்டினால் தாங்கள் போட்ட கையெழுத்துகளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

*

சரி, அப்போது ருஸ்ஸோ மேல் என்னதான் வழக்கு?

அவர் சார்பாகப் பேசுபவர்கள் எப்போதும் எடுப்பது ஒரே ஆயுதம், ரேட்டிங். 'வந்தபோது மூன்று, போனபோது இரண்டரை. இதற்கா இவ்வளவு கூச்சல்?' சரி, கணக்கு பேசுவோம். மல்யுத்தத்தில் இரண்டு வகைப் பார்வையாளர்கள். ஒருவர் சும்மா தொலைக்காட்சியில் பார்ப்பவர். இன்னொருவர் மாதம் ஒருமுறை பெரிய நிகழ்ச்சிக்குத் தனியாகக் காசு கட்டிப் பார்ப்பவர். மதிப்பீடுகளின்படி 1997 ஸ்டார்கேடுக்குக் காசு கட்டியவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். 1999 ஸ்டார்கேடுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் கீழே. இந்தச் சரிவின் பெரும்பகுதி ருஸ்ஸோவுக்கு முந்தையவர்கள் கணக்கில் போக வேண்டும். ஆனால் 2000 ஸ்டார்கேடுக்கு? ஐம்பதாயிரம் சொச்சம். அந்த ஒரு வருடத்தில் சும்மா பார்ப்பவர்களில் நாலில் ஒருவர் போயிருக்கலாம். காசு கட்டுபவர்களில் மூன்றில் இரண்டு பேர் போய்விட்டார்கள்.

இந்த வித்தியாசம்தான் வழக்கே. தெருவில் சண்டை நடந்தால் எட்டிப் பார்க்கக் கூட்டம் வரும், யாரும் டிக்கெட் எடுக்க மாட்டார்கள். முடிவு தெரிய வேண்டும், அந்த முடிவுக்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும், அப்போதுதான் மனுஷன் பையில் கைவிடுவான். ருஸ்ஸோ எட்டிப் பார்க்க வைப்பதில் கெட்டிக்காரர். முடிவுக்கு மதிப்பில்லாமல் பண்ணுவதில் அதைவிடக் கெட்டிக்காரர்.

2000 ஏப்ரலில் டேவிட் ஆர்கெட் என்ற சினிமா நடிகர் உலக சாம்பியன் ஆக்கப்பட்டார். மல்யுத்தம் பற்றிய ஒரு படத்தில் நடித்திருந்தார், அதற்கு விளம்பரம். ஆர்கெட்டுக்கே இந்த யோசனை பிடிக்கவில்லை. அவர் உண்மையான ரசிகர். கிடைத்த பணத்தை, இறந்துபோன ஓவன் ஹார்ட், பிரையன் பில்மன் குடும்பங்களுக்கும், ரிங்கில் கழுத்தெலும்பு முறிந்து முடங்கிய டேரன் ட்ரோஸ்டோவுக்கும் கொடுத்துவிட்டார். அந்த நாடகத்தில் பட்டத்தின் மரியாதையைப் பற்றிக் கவலைப்பட்டவர் வெளியிலிருந்து வந்த நடிகர்தான். 'பத்திரிகையெல்லாம் எழுதிச்சே' என்பது ருஸ்ஸோ தரப்பின் பதில். எழுதின. படித்தவன் காசு கட்டினானா?

செப்டம்பரில் ருஸ்ஸோவே தன்னை உலக சாம்பியன் ஆக்கிக்கொண்டார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் உலகப் பட்டம் கை மாறியதும் காலியாக அறிவிக்கப்பட்டதும் சேர்த்து இருபது தடவைக்கு மேல். நாலு நாளைக்கு ஒருவன் சாம்பியன் என்றால் அது பெல்ட்டா, பேருந்தில் துண்டு போட்டுப் பிடிக்கும் இடமா?

'மக்மேன்கூட 1999-இல் தன்னைத்தானே சாம்பியன் ஆக்கிக்கொண்டாரே, அதைக் கேட்டீர்களா?' என்பார்கள். கேட்க வேண்டியதுதான். அந்தத் திருப்பம் எனக்கும் பிடிக்காது. ஆனால் மக்மேன் அதற்குமுன் கதைக்குள் வில்லனாக ஏறக்குறைய இரண்டு வருடம் வாழ்ந்திருந்தார், அடி வாங்கியிருந்தார். அவர் கையில் பெல்ட் போனது கதைக்குள் நடந்த அநியாயம். ஆர்கெட் கையில் போனது கதைக்கு வெளியே நடந்த வியாபாரம்.

*

பெல்ட்டைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. தொழில்மொழியில் அதற்கு 'வொர்க்டு ஷூட்' என்று பெயர். நிஜம் போல எழுதப்பட்ட கதை. ஜூலை 9 இரவு ருஸ்ஸோ பேசியது அந்த வகை. அடுத்த மாதம் 'நியூ பிளட் ரைசிங்' என்ற நிகழ்ச்சியில் மூவர் மோதும் ஆட்டத்தின் நடுவே கோல்டுபெர்க் வெளியேறினார். ஸ்கிரிப்ட்படி நடக்க மறுத்துவிட்டார் என்ற தொனியில் வர்ணனையாளர்களே பேச ஆரம்பித்தார்கள். கொஞ்சம் யோசியுங்கள். போனவன் ஸ்கிரிப்டை மீறினான் என்றால், ரிங்கில் மிச்சமிருக்கும் இருவரும் ஸ்கிரிப்ட்படி ஆடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? அப்புறம் அவர்கள் அடித்துக்கொள்வதை நான் எதற்காகப் பார்க்க வேண்டும்? 'இது மட்டும் நிஜம்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், மற்ற எல்லாமே பொய் என்று நீங்களே சாட்சி சொன்ன மாதிரி.

சட்டகத்தை உடைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. நம் தெருக்கூத்தைப் பாருங்கள். கட்டியங்காரன் ராஜாவையே நக்கல் அடிப்பான், உள்ளூர் விஷயத்தை இழுப்பான், முன் வரிசையில் இருப்பவரை வம்புக்கு இழுப்பான். துகிலுரியும் கட்டத்தில் துச்சாதன வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் காட்டி, திரௌபதி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அவர் வேஷம் போட்டவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவரே அதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த ஒப்புதலால் அடுத்து நடக்கப்போவது இன்னும் கனமாகிறது. ருஸ்ஸோ செய்தது வேறு. துச்சாதனன் நடுவில் நின்று, 'வாத்தியாருக்கும் எனக்கும் சம்பளத் தகராறு, அதனால் இன்றைக்குத் துகிலை இழுக்க மாட்டேன்' என்று சொல்வதை அவர் கிளைமாக்ஸ் ஆக்கினார்.

நிஜத்தைக் கதைக்குள் கொண்டுவரும் வித்தை அவருக்குத் தெரியாததல்ல, பக்கத்திலிருந்தே பார்த்தவர். 1997 நவம்பரில் மாண்ட்ரியலில் பிரெட் ஹார்ட்டை மக்மேன் நிஜமாகவே ஏமாற்றிப் பட்டத்தைப் பறித்தார். அந்த நிஜத் துரோகத்திலிருந்துதான் கொடூர முதலாளி என்ற பாத்திரம் பிறந்தது, ஆஸ்டினுக்கு எதிரி கிடைத்தான், சனங்கள் காசு கட்டினார்கள். நிஜம் வந்து கதைக்குள் சேர்ந்துகொண்டது. 2011 ஜூனில் சி.எம். பங்க் நுழைவு மேடையில் உட்கார்ந்து நிறுவனத்தின் மானத்தை வாங்கியதும் அப்படித்தான். ஏனென்றால் அவர் கேட்டது பெல்ட்டை. மூன்று வாரம் கழித்து சிகாகோவில் அதற்காக ஒரு ஆட்டம் ஆடினார், அரங்கம் வெடித்தது. ருஸ்ஸோ எடுத்துக்கொண்ட பாடமோ, சனங்களுக்கு நிஜம் பிடிக்கிறது, ஆகவே வாரா வாரம் நிஜம் கொடு. கொடுத்த நிஜம் எந்த ஆட்டத்துக்கும் கொண்டுபோய் விடவில்லை.

அன்றிரவுப் பேச்சுக்காக ஹோகன் அவதூறு வழக்குப் போட்டார். 2003-இல் அது தள்ளுபடி ஆனது. ருஸ்ஸோ பேசியது மல்யுத்தக் கதையின் ஒரு பகுதிதான் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. இது கதையில்லை என்று நம்பவைக்க அவ்வளவு பாடுபட்டவரைக் கடைசியில் காப்பாற்றியது, அது கதைதான் என்ற வாதம்.

இதற்குள் நிஜமான உடம்புகளும் இருந்தன. 1999 டிசம்பர் ஸ்டார்கேடில் கோல்டுபெர்க்கின் உதை பிரெட் ஹார்ட்டின் தலையில் விழுந்தது. அந்த மூளைக் காயம் அவர் தொழிலையே முடித்தது. அதே மாதம் கதைக்காகக் கார்க் கண்ணாடியை உடைக்கப்போன கோல்டுபெர்க் கையைக் கிழித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஆட முடியாமல் போனார். இவற்றுக்கு ருஸ்ஸோவை நேரடியாகக் குற்றம் சொல்வது அநியாயம். ஆனால் எல்லாவற்றையும் 'இதுதான் நிஜம்' என்று கூவும் ஒரு நிகழ்ச்சியில், நிஜமாகவே ஒருவன் சாய்ந்தால் பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்?

*

'அவருக்குச் சுதந்திரம் கொடுக்கவில்லை' என்பது அடுத்த வாதம். டர்னர் நிறுவனத்தின் தணிக்கைப் பிரிவு வரிக்கு வரி கத்தரி போட்டது உண்மை. மூன்று மாதத்திலேயே, 2000 ஜனவரியில், குழுவோடு சேர்ந்து எழுது என்றதும் அவர் விலகிப்போனதும் உண்மை. ஆனால் எனக்குத் தோன்றுவது நேர் எதிர். டபிள்யூ.டபிள்யூ.எஃப்பில் அவர் ஜொலித்ததே சுதந்திரம் இல்லாததால்தான். பத்து யோசனை சொன்னால் ஏழைக் குப்பைக்கூடையில் போட மக்மேன் இருந்தார். ஆட்டத்தை எப்படி முடிப்பது என்று தெரிந்த பேட் பேட்டர்சன் இருந்தார். சண்டை போட ஜிம் கார்னெட் இருந்தார். அட்லாண்டாவில் அந்த ஏழும் ஒளிபரப்பாகின. கம்பத்தின் உச்சியில் வயாக்ரா பாட்டிலைக் கட்டி அதற்காக இருவரை மோதவிட்டார்கள். ஒரு வீரரின் அம்மாவை ஃபோர்க்லிஃப்டில் ஏற்றி வைத்துப் போட்டி நடத்தினார்கள். நைட்ரோவின் உயிரே என்று சொல்லத்தக்க மெக்ஸிகோ வீரர்களைப் பொம்மைப் பானை உடைக்கும் போட்டியில் இறக்கிக் கேலிப்பொருளாக்கினார்கள். அமெரிக்க ரசிகனுக்கு ஜப்பான்காரனும் மெக்ஸிகோக்காரனும் வேண்டாம் என்பது ருஸ்ஸோ வெளிப்படையாகவே சொன்ன கருத்து.

அவர் போனபின் டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ன ஆனது? கிறிஸ் கிரெஸ்கி என்பவர் தலைமை எழுத்தாளர் ஆனார். ஒவ்வொரு கதையும் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று பலகையில் வரைந்து வைத்து எழுதுபவர். டபிள்யூ.சி.டபிள்யூவில் வெறுத்துப்போய்க் கிளம்பிவந்த பென்வா, கெரெரோ போன்றவர்கள் கையில் கிடைத்தார்கள். 2000 அந்த நிறுவனத்துக்கு அமோகமான வருடம். 2000-01 நிதியாண்டில் வருமானம் 450 மில்லியன் டாலரைத் தாண்டியது. இன்றியமையாதவர் என்று சொல்லப்பட்டவர் போன பிறகு வீடு இடியவில்லை.

பிறகு டி.என்.ஏ நிறுவனத்தில் அவருக்குக் காலமும் கிடைத்தது, 2012 வரை விட்டு விட்டுப் பல வருடங்கள். எல்லோரும் வெளியே இருந்து ரிங்குக்குள் ஏறப் போட்டி போடும் தலைகீழ் ஆட்டம், மின்சாரம் பாய்வதாகச் சொல்லப்பட்ட கூண்டு என்று அங்கேயும் அதே வண்டி, அதே தடம். கூண்டு ஆட்டத்தின்போது அரங்கத்தில் இருந்தவர்கள் ருஸ்ஸோவை வேலையைவிட்டுத் தூக்கு என்று கோஷம் போட்டார்கள். ஒரு எழுத்தாளனுக்கு எதிராகக் காசு கொடுத்து வந்த பார்வையாளர்கள் கோஷம் போட்டது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ரிங்கில் நடப்பதைவிட அதை எழுதியவன்தான் முக்கியம் என்று வருடக்கணக்கில் அவரே சொல்லிக்கொடுத்த பாடம். படித்த பிள்ளைகள் திருப்பி ஒப்பித்தார்கள்.

*

ஒன்றை மட்டும் அவர் கணக்கில் வரவு வைத்துவிட்டு முடிக்கிறேன். 2000 ஜூலை 9, அதே கூத்து நடந்த அதே இரவில், ஜாரெட்டைத் தோற்கடித்து புக்கர் டி உலக சாம்பியன் ஆனார். வருடக்கணக்காக நடுவரிசையிலேயே உட்காரவைக்கப்பட்டிருந்த கறுப்பின வீரர். பழைய தலைகள் வழிவிடாத இடத்தில் அவரை உச்சிக்குத் தள்ளியவர் ருஸ்ஸோதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த இரவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் என்ன சொல்கிறார்கள்? ஜாரெட் படுத்தது, ஹோகன் போனது, ருஸ்ஸோ திட்டியது. புக்கர் டி ஜெயித்தது கடைசியில்தான் வரும், சிலருக்கு அதுவும் ஞாபகம் வராது. பத்து வருடத்துக்கு மேல் உடம்பைக் கொடுத்து உழைத்தவனுக்குப் பட்டம் கிடைத்த இரவு அது. அந்தப் பட்டம் வெறும் தகரம், எல்லாம் அலுவலக அறையில் முடிவாகும் விஷயம் என்று அதே இரவில், அதே ரிங்கில் நின்று முதலாளி பக்கத்து ஆள் ஒருவர் அறிவித்துவிட்டுப் போயிருந்தார். பரிசைக் கொடுத்த கையே அதன் மதிப்பை அழித்தது.

நிறுவனம் மூடியபோது நஷ்டம் ஹோகனுக்கில்லை, அவருக்கு ஒப்பந்தப் பணம் இருந்தது. ருஸ்ஸோவுக்கும் வேறு வேலை கிடைத்தது. இ.சி.டபிள்யூ என்ற மூன்றாவது நிறுவனமும் அந்த வருடமே திவாலானது. பேரம் பேச இன்னொரு வாசல் இல்லாமல் நின்றவர்கள், சங்கமும் இல்லாத, ஒப்பந்தத் தொழிலாளிகளாக மட்டுமே கணக்கிடப்பட்ட நடுவரிசை வீரர்கள். அவர்களுக்கு முகமும் பெயரும் வேண்டும் என்று ஒரு காலத்தில் வாதாடியவர் ருஸ்ஸோ. அந்த வாதத்தை அவரே கடைசிவரை நம்பியிருக்கலாம்.